முந்திரி போட்ட மருந்து

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நீ பிரியாணி தின்றுவிட்டுக் கூடத்தில் பாயை விரித்து வாயைப் பிளந்துகொண்டு தூங்கியபோது, நான் குனிந்து உன் வாயை முகர்ந்து பார்த்தேன். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. மூன்றாவது தடவை நீ பாதிக் கண்ணைத் திறந்து "இன்னாம்மா?" என்றாய். "கொசு" என்றேன். நீயும் சரியென்று திரும்பிப் படுத்துக்கொண்டாய். பட்டப்பகலில் கொசுவை முகர்ந்தா பிடிப்பார்கள் என்று கேட்கிற புத்தி உனக்கு இல்லாதது அன்றைக்கு எனக்கு வசதியாகப் போயிற்று. உன் வாயிலிருந்து வந்தது பட்டை, கிராம்பு, வெங்காயப் பச்சடி வாசனை. அதைத் தவிர ஒரு மண்ணும் இல்லை. ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை. உன் சட்டையை எடுத்து முகர்ந்தேன், சாப்பாட்டுப் பையை முகர்ந்தேன், சைக்கிள் சீட்டைக்கூட முகர்ந்தேன். சைக்கிள் சீட்டில் என்ன இருக்கும் என்று நினைத்தேனோ எனக்கே தெரியாது. இதை இத்தனை நாளும் உன்னிடம் சொல்லவில்லை. இப்போது சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தக் கடிதத்தில் உன்னைத் திட்டப்போகிறேன். என் வீட்டுக் குப்பையை முதலில் நானே வாசலில் கொட்டிவிட்டால், அப்புறம் திட்டுவதற்கு வாய் கூசாது.

திட்டுவதற்கு ஆதாரமும் வைத்திருக்கிறேன். நேற்றுக் காலையில் கரீம் பாய் வந்தார். நம் தெருவில் மூன்றாவது வீடு, தோல் லாரி ஓட்டுகிறவர், வாரத்துக்கு ரெண்டு தடவை மெட்ராஸ் போய்வருகிறவர், உன்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு திருவிழா காட்டியவர். அவர் பொய் சொல்ல மாட்டார் என்பது உனக்கே தெரியும். தண்ணீர்க் குழாயடியில் நான் குடத்தோடு நிற்கும்போது வந்தார்.

"அக்கா, உங்க புள்ளைய பாத்தேன். குரோம்பேட்டைல, பாலத்தாண்ட."

"எப்டி கீறான்?"

"நல்லா கீறான். பரோட்டா துன்னுனு இருந்தான்."

"எத்தினி?"

"நான் இன்னா எண்ணிக்கினா இருந்தேன்? தோஸ்துங்களோட உக்காந்திருந்தான். நான் லோடு எறக்கப் போகசொல்லயும் அங்கதான் இருந்தான், எறக்கிட்டு வரசொல்லயும் அங்கதான் இருந்தான். சால்னா மட்டும் மாத்திட்டான்."

குடம் நிரம்பி வழிந்து என் காலில் ஊற்றிக்கொண்டிருந்தது. பின்னால் நின்ற பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து, போன வாரம் நீ போட்ட இன்லண்ட் லெட்டரை எடுத்து மறுபடி படித்தேன். "டாக்டர் சொன்னபடி நடக்கிறேன். மாவு சாப்பிடுகிறேன். கவலைப்பட வேண்டாம்." மூன்றே மூன்று வரி. மிச்ச இடமெல்லாம் வெள்ளையாக இருந்தது. நான் ஐந்தாவதோடு நின்றவள்; இந்த ஒரு கடிதத்தை எழுதவே எனக்கு ஒரு நாள் லீவு போக வேண்டியிருக்கிறது. பி.காம். படித்த நீ மூன்று வரி எழுதுகிறாய், அதில் ரெண்டு வரி பொய். உன் பெண்டாட்டியைக் கேட்கலாம் என்றால் அந்தப் பெண் உன்னைக் காட்டிக்கொடுக்க மாட்டாள். "இங்கு எல்லோரும் சுகம் அத்தை" என்பதற்குமேல் அவள் பேனா நகராது.

நீ இங்கே ஆம்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, வலது விலாவுக்குக் கீழே ஏதோ மூட்டை கட்டித் தொங்கவிட்டமாதிரி இருக்கிறது, எப்போதும் அசதியாக இருக்கிறது என்று சொன்னாயே, அங்கிருந்து இதைத் தொடங்குகிறேன். முதலில் நான் அதை வேலைக் கள்ளம் என்றுதான் நினைத்தேன். உன்னைக் கேலி செய்து மூன்று வாரம் ஓட்டினேன். அதற்கப்புறம்தான் வேலூருக்கு பஸ் ஏறினோம். லாங் பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் அந்த டாக்டரம்மா. உன்னைப் படுக்கவைத்து விலாவுக்குக் கீழே விரலை விட்டு அழுத்தினார்கள். நீ முகத்தைச் சுளித்தாய். ரத்தம் எடுத்தார்கள். இன்னொரு இடத்துக்கு அனுப்பி வயிற்றில் ஏதோ பசையைத் தடவி, டி.வி. பெட்டி மாதிரி ஒன்றில் பார்த்தார்கள். அதில் எனக்கு மழை பெய்வது மாதிரிதான் தெரிந்தது. கடைசியில் டாக்டரம்மா, "ஈரல்ல கொழுப்பு படிஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டு, உன்னைப் பார்த்து, "குடிக்கிற பழக்கம் உண்டா?" என்று கேட்டார்கள். நீ "இல்ல டாக்டர்" என்றாய். நான் உன் முகத்தைப் பார்த்தேன்.

அதற்கப்புறம் அவர்கள் எவ்வளவோ சொன்னார்கள். குடிக்காதவர்களுக்கும் இது வரும், உட்கார்ந்த வேலையும் வெள்ளைச் சோறும் மைதாவும் சர்க்கரையும் எண்ணெயும் போதும், இதற்கென்று மாத்திரை கிடையாது, சாப்பாட்டை மாற்றி உடம்பை மெதுவாக இறக்கினால் ஈரல் பழையபடி ஆகிவிடும், இப்படியே விட்டால் வருஷக்கணக்கில் அது இறுகிப்போய் ஒன்றுக்கும் உதவாமல் போகலாம் என்றெல்லாம் சொன்னார்கள். என் காதில் ஈரல் என்ற ஒரு சொல்தான் ஏறியது. மற்றதெல்லாம் மேலே மின்விசிறி சுற்றுகிற சத்தம் மாதிரி போய்க்கொண்டிருந்தது.

உன் மாமனை உனக்கு அவ்வளவாக ஞாபகம் இருக்காது. அணைக்கட்டு ஊரில் இருந்தானே என் தம்பி. உனக்கு ஏழு வயசு இருக்கும்போது போய்விட்டான். அவனுக்கும் ஈரல்தான். அவன் குடித்தான், அதில் ஒளிவுமறைவு கிடையாது. கடைசி ரெண்டு மாசம் நான்தான் போய்ப் பார்த்துக்கொண்டேன். கண் மஞ்சள், கை கால் குச்சி, வயிறு மட்டும் முன்னால் வந்து நின்றது. அந்த நிலைமையிலும் என்னைக் கேலி செய்தான். "யக்கா, எனக்கு எத்தினியாவது மாசம்னு கேட்டு சொல்லேன்" என்பான். நான் அவன் வாந்தி எடுக்கிற கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு சிரிப்பேன். சிரித்துவிட்டுப் பின்பக்கம் போய்க் கிண்ணத்தைக் கழுவுவேன். கேலி பேசுகிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் எங்கிருந்து வந்தது என்று நீ கேட்பாயே, அவனும் நானும் ஒன்றாகக் கற்றுக்கொண்டது. எனக்குத் தெரிந்த ஈரல் வியாதி அது ஒன்றுதான். அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை உன் வாயை முகர்ந்தேன். அதோடு விட்டேனா, உன் கூட்டாளியைக் குழாயடியில் மடக்கி, "உண்மைய சொல்லு, எங்க போய் குடிக்கிறீங்க?" என்று கேட்டேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "அவனா? கோலி சோடா குடிச்சாலே கண்ணு கலங்கி ஏப்பம் வுடுவான் ஆன்ட்டி" என்றான். உன்னைப் பற்றி இப்படி ஒரு நற்சான்றிதழ் உண்டென்று தெரிந்துகொள்.

குடிக்கவில்லை என்று தெரிந்தபிறகாவது டாக்டரம்மா சொன்னதை ஒழுங்காகச் செய்தேனா? அதுதான் இல்லை. அவர்கள் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்கள்: கேழ்வரகு, கம்பு, முழுக் கோதுமை, கொள்ளு, வெந்தயம் எல்லாம் வறுத்து அரைத்து வைத்துக்கொண்டு கஞ்சியோ களியோ செய்து கொடுங்கள் என்று. அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. உனக்கு அதன் காரணம் தெரியாது. நீ ஆறு வயசுப் பையனாக இருந்தபோது உன் அப்பா வேலை பார்க்கிற தோல் டேனரி மாசக்கணக்கில் மூடிக் கிடந்தது. அப்போது நம் வீட்டில் ரெண்டு வேளையும் களிதான். ஒருநாள் மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் உன் சத்துவாச்சாரி அத்தை வந்துவிட்டாள். அவள் வீட்டுக்காரர் கவர்மெண்டு ஆபீசில் வேலை. அவள் வீட்டில் அரிசி மூட்டையாக நிற்கும். அவள் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் நான் களிச் சட்டியைத் தூக்கி வெந்நீர் அண்டாவுக்குள் வைத்து மூடிவிட்டேன். "இப்பதான் அண்ணி சோறு துன்னு கை கழுவுனோம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். நீ பக்கத்தில் நின்று என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாய். அப்புறம், "அத்தே, சாப்பாடு அண்டாக்குள்ள கீது. உனக்கு வேணுமா?" என்றாய்.

அவள் போய் மூடியைத் திறந்தாள். சட்டியை எடுத்து வைத்து, முருங்கைக்கீரைக் குழம்பை ஊற்றி, ரெண்டு உருண்டை தின்றுவிட்டு, "இன்னும் கீதா?" என்று கேட்டாள். இன்றைக்கு யோசித்தால் அவள் ஆசையாகத்தான் தின்றாள் என்று தெரிகிறது. அன்றைக்கு எனக்கு மானம் போய்விட்டது என்று மட்டும்தான் தெரிந்தது. டேனரி திறந்து, நானும் ஷூ கம்பெனியில் தையல் செக்‌ஷனில் சேர்ந்து, கையில் நாலு காசு புரள ஆரம்பித்ததும் நான் செய்த முதல் காரியம், வீட்டிலிருந்த கேழ்வரகு மூட்டையைப் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்ததுதான். இனிமேல் என் பிள்ளை வாயில் கருப்பாக எதுவும் போகக்கூடாது என்று முடிவு செய்தேன். மூன்று வேளையும் மல்லிகைப் பூ மாதிரி சோறு. காபியில் மூன்று கரண்டி சர்க்கரை. ஞாயிற்றுக்கிழமை பிரியாணி, அதுவும் உனக்கு மட்டும் மறுசோறு. பூரி சுட்டால் வனஸ்பதியில். நீ உருண்டையாக ஆனாய். கம்பெனியில் பெண்கள், "உம் பையன் நல்லா தளதளன்னு கீறான்" என்று சொல்லும்போதெல்லாம் என் தலை கனத்துப்போகும். லாங் பஜார் ஸ்டுடியோவில் உன்னை நிற்கவைத்துப் போட்டோ எடுத்தேனே, சட்டைப் பித்தான் தெறிக்கிற மாதிரி, அந்தப் போட்டோவை நான் எதற்காக வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினேன் என்று நினைத்தாய்? இந்த வீட்டில் சோறு இருக்கிறது என்று ஊருக்குச் சொல்வதற்குத்தான். அதற்கு உன் வயிற்றைப் பலகையாக வைத்து எழுதிக்கொண்டேன்.

இப்போது டாக்டரம்மா பீஸ் வாங்கிக்கொண்டு மறுபடி களி தின்னச் சொல்கிறார்கள். எனக்கு எப்படி இருந்திருக்கும், நீயே சொல். சரி, மருந்து என்கிறார்கள், செய்வோம் என்று கேழ்வரகை ஊறவைத்து முளைகட்டி, உன் அப்பாவின் நல்ல வேட்டியில் காயப்போட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுத்து மில்லுக்குக் கொண்டுபோனேன். அரைத்து வந்ததைப் பார்த்தால் கரடுமுரடாக, சாம்பல் மாதிரி இருந்தது. இதையா என் பிள்ளை குடிப்பான் என்று சல்லடையில் சலித்தேன். ஒரு தடவை போதவில்லை. மூன்று தடவை சலித்தேன். தவிட்டை எதிர்வீட்டு மாட்டுக்குக் கொடுத்தேன். அப்புறமும் வாயில் வைக்கச் சப்பென்று இருந்தது. முந்திரியை நெய்யில் வறுத்துப் பொடித்துப் போட்டேன். ஏலக்காய் போட்டேன். வெல்லம் போட்டேன், வெல்லம் போதாமல் கொஞ்சம் சர்க்கரையும் போட்டேன். பிஸ்கட் டின்னில் கொட்டி வைத்தேன். நம் வீட்டில் டின்னுக்கா பஞ்சம்? பேக்கரியில் காலி டின் வாங்கிவந்து உன் அப்பா தோல் பதனிடுகிற கடுக்காய்த் தூள் சாம்பிள் போட்டு வைப்பார், அதிலேயே ஒன்றை நானும் கழுவி எடுத்துக்கொண்டேன். உனக்கு அது எவ்வளவு பிடித்துப்போயிற்று என்று ஞாபகம் இருக்கிறதா? காலையில் ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர், நடுவில் வெறும் மாவை உள்ளங்கையில் கொட்டி நக்கினாய். அப்படிப்பட்ட நோயாளி கிடைக்க டாக்டர் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று உன் அப்பாகூடச் சொன்னார்.

மூன்று மாசம் கழித்துப் போனோம். எடை பார்க்கிற மெஷினில் நீ ஏறினாய். டாக்டரம்மா முள்ளைப் பார்த்தார்கள், பழைய சீட்டைப் பார்த்தார்கள், உன்னை இறங்கச் சொல்லி மறுபடி ஏறச் சொன்னார்கள். மூன்று கிலோ கூடியிருந்தது.

"இன்னாம்மா சாப்பிடக் குடுக்கறீங்க?" என்று என்னைக் கேட்டார்கள்.

"நீங்க எழுதிக் குடுத்த மாவுதான் டாக்டர்."

"அதுல இன்னா போட்டீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

சொன்னேன். முந்திரி வரைக்கும் பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். நெய் என்றதும் பேனாவைக் கீழே வைத்தார்கள்.

"சலிச்சீங்களா?"

"மூணு வாட்டி."

"தவிடு எங்க போச்சு?"

"எதிர்வூட்டு மாட்டுக்கு."

"அப்ப அந்த மாட்டுக்கு ஈரல் நல்லா இருக்கும்" என்றார்கள். முகத்தில் சிரிப்பே இல்லை. "உங்க பையனுக்குக் குடுக்க வேண்டியத மாட்டுக்குக் குடுத்துட்டு, கல்யாண வூட்டு பட்சணத்த இவருக்குக் குடுத்திருக்கீங்க. சரி, இந்தக் கஞ்சி குடிச்ச வேளைக்கு சோறு கிடையாதுல்ல?"

"ஐயோ, சோறு இல்லாமயா? சோத்துக்கு மேலதான் டாக்டர் கஞ்சி. மருந்தாச்சே."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்கள். "மேல இல்லம்மா. பதிலா. சோத்துக்குப் பதிலா. இந்த ஒரு வார்த்தைய மட்டும் ஞாபகம் வெச்சிக்கினு வூட்டுக்குப் போங்க" என்றார்கள். அப்போது நீ என் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாய். எனக்கு உன் தொடையில் கிள்ள வேண்டும் போல இருந்தது, கிள்ளினேன்.

பஸ்ஸில் வரும்போது நான் பேசவே இல்லை. நீ, "இன்னாம்மா வாய் தெச்சிட்டாங்களா?" என்று கேட்டாய். நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். நீ குடித்துக் கெடவில்லை. உன்னை யாரும் கெடுக்கவில்லை. பதினைந்து வருஷம் கரண்டி பிடித்த கை என்னுடையது. தம்பிக்குக் கிண்ணம் பிடித்த அதே கை. இதை நான் உன்னிடம் அழுது சொல்ல மாட்டேன். நடந்ததை எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு, அது இதைவிட மோசம். குடியாத்தத்தில் பெண் பார்த்து முடிவாகிற சமயத்தில், மறைத்துக் கல்யாணம் செய்யக்கூடாது என்று நானே தனியாகக் கிளம்பி அந்த வீட்டுக்குப் போனேன். உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது. பெண்ணின் அப்பா பாவு நூலைப் பிடித்துக்கொண்டே என்னை உட்காரச் சொன்னார். பையனுக்கு ஈரலில் கொழுப்பு இருக்கிறது, சாப்பாட்டில்தான் வைத்தியம், சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்கிறார் என்று சொன்னேன். அவர் தறியை நிறுத்தினார். "குடிப்பாரா?" என்று கேட்டார். உன் வாயை மூன்று தடவை முகர்ந்தவள் நான். சைக்கிள் சீட்டை முகர்ந்தவள் நான். கோலி சோடா சாட்சியும் என் கையில் இருந்தது. "இல்லை" என்று பட்டென்று சொல்ல வேண்டியதுதானே? எனக்கு ஒரு மூச்சு நேரம் பிடித்தது. அந்த ஒரு மூச்சில் என் தம்பி முகம் வந்துவிட்டது. "இல்லீங்க, குடிக்க மாட்டான்" என்று சொன்னேன்தான். ஆனால் அந்த மூச்சை அவர் கவனித்துவிட்டார். நூலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முடிந்துபோயிற்று, எழுந்துவிடலாம் என்று நான் புடவையைச் சரிசெய்தபோது, உள்ளே பக்கத்துத் தறியிலிருந்து அந்தப் பெண்ணின் குரல் வந்தது.

"அப்பா, எங்க வூட்ல ராத்திரிக்கு களிதான்னு சொல்லு. அவருக்கு களி புடிக்குமான்னு கேளு."

"புடிக்கும்மா" என்றேன் நான். "ஆறு வயசுல அண்டாக்குள்ள ஒளிச்சி வெச்சாலும் வுடாதவன்."

எப்படி என்று கேட்டாள். அந்த வெந்நீர் அண்டா கதையைச் சொன்னேன். யாரிடமும் சொல்லக்கூடாது என்று வைத்திருந்த கதை. அவள் தறிக்குப் பின்னாலிருந்து சிரித்தாள். அவள் அப்பாவும் சிரித்தார். கல்யாணம் முடிவானது உன் அழகுக்காக என்று நீ நினைத்துக்கொண்டிருந்தால் இன்றோடு அதை விட்டுவிடு. அந்த அண்டாவுக்காக. அந்தப் பெண் உன்னை நம்பி வந்தவள். நீ பாலத்தடியில் உட்கார்ந்து சால்னாவை மாற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில், அவள் வீட்டில் களி கிண்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஆறிப்போன களி எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியுமா? அதைச் செருப்புக்கு அடித்தோலாக வைத்துத் தைக்கலாம்.

அதனால் இப்போது நான் சொல்வதைக் கேள். கடைசியாக டாக்டரம்மாவிடம் நான் மட்டும் போய்க் கேட்டுக்கொண்டு வந்தது இது, என் சொந்தச் சரக்கு இல்லை. காலையில் மாவுக் கஞ்சி என்றால் கஞ்சி மட்டும். அதற்குமேல் நாலு இட்லி கிடையாது. மோரில் கரை, உப்புப் போடு, சின்ன வெங்காயம் அரிந்து போடு. சர்க்கரை, வெல்லம், தேன் என்று ஒரு வழியும் தேடாதே. மத்தியானம் சோறு வேண்டுமென்றால் ஒரு கிண்ணம், அதைவிட ஜாஸ்தியாகக் கீரையும் காயும் பருப்பும். ராத்திரி களி, அதுவும் வயிறு முட்ட இல்லை. உருண்டை மாதிரி இருப்பதாலேயே பந்து அளவுக்குப் பிடிக்கவேண்டும் என்று சட்டம் இல்லை. ஆபீசில் ஆறு டீ குடிக்கிறாயே, அதை ரெண்டாக்கு, சர்க்கரையைக் கம்மி செய். மைதாவை மறந்துவிடு. பிரியாணி மாசத்துக்கு ஒருநாள், ஒரு பிளேட், மறுசோறு கிடையாது. ஆம்பூர்க்காரனைப் பிரியாணியே தின்னாதே என்று சொல்ல எனக்கும் மனசு வரவில்லை, டாக்டரம்மாவுக்கும் வரவில்லை. ரயிலடியிலிருந்து ஆபீசுக்கு ரிக்‌ஷா ஏறாதே, நட. ஒரேயடியாகப் பட்டினி கிடந்து பத்து நாளில் இளைக்கலாம் என்று யாராவது தோஸ்த் சொன்னால் கேட்காதே, அது ஈரலுக்கு இன்னும் கெடுதலாம். ஈரல் டானிக் என்று எவனாவது பாட்டிலை நீட்டினால் வாங்காதே. பொங்கலுக்கு வரும்போது மறுபடி அந்த மழை பெய்கிற டி.வி. பார்க்கப் போகிறோம். எடை மெஷினில் நீ ஏறும்போது டாக்டரம்மா உன்னைப் பார்க்க மாட்டார்கள், என்னைத்தான் பார்ப்பார்கள். அந்தப் பார்வையை இன்னொரு தடவை தாங்க என்னால் ஆகாது.

கேலிக்காரி கேலிக்காரி என்று எல்லோரும் என்னைச் சொல்கிறார்கள். உன் விஷயத்தில் எனக்குச் சிரிப்புத் தீர்ந்துகொண்டே வருகிறது, தெரிந்துகொள். நான் ஒரு தடவை கிண்ணம் பிடித்தாகிவிட்டது. இன்னொரு தடவை பிடிக்க மாட்டேன். அதற்காகத்தான் இவ்வளவு பேஜாரும்.

இன்றைக்குக் காலையில் கரீம் பாய் லாரி கிளம்பும்போது புது மாவு டின் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். முந்திரி இல்லை, வெல்லம் இல்லை, சலிக்கவும் இல்லை. எதிர்வீட்டு மாடு என்னைக் கோபமாகப் பார்க்கிறது. வழியில் லோடு ஏற்றி இறக்கிவிட்டு, நாளைக்குப் பொழுது விடிந்ததும் பாய் உன் வீட்டு வாசலில் வந்து கொடுப்பார். வாங்கியவுடனே ரெண்டு கரண்டி கரைத்துக் குடி.

இத்தோடு முடித்து ஒட்டிவிடலாம் என்று இருந்தேன். இப்போதுதான் உன் அப்பா டேனரியிலிருந்து வந்தார். காலையில் அவர் எடுத்துக்கொண்டுபோன டின்னில் கடுக்காய்த் தூள் இல்லையாம். அவர் பார்க்காமல் தோல் ஊறுகிற தொட்டியில் கொட்டிக் கலக்கிவிட்டாராம். சாயங்காலம் முதலாளி வந்து தொட்டியில் விரலை விட்டுப் பார்த்து, "இன்னா மேஸ்திரி, கூழ் காச்சியிருக்க?" என்று கேட்டாராம். ஆகவே பாய் கொண்டுவருகிற டின்னில் இருப்பது கடுக்காய்த் தூள். அதைக் குடிக்காதே. இந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள் குடித்திருந்தால் வாய் துவர்க்கும், ரெண்டு நாள் வயிறு போகும். நாட்டு மருந்துக் கடையில் இதையேதான் வயிற்றுக்கு விற்கிறார்கள், பயப்படாதே. அதற்குள் துவர்க்கிறது என்று நீ ஒரு வரி எழுதிப் போட்டிருந்தால், டின்னைத் திறந்தாய் என்று நான் தெரிந்துகொள்வேன். நல்ல ருசி, தினமும் குடிக்கிறேன் என்று எழுதிப் போட்டிருந்தாலும் தெரிந்துகொள்வேன்.

உன் மாவில் நாலு ஆட்டுத்தோல் ஊறுகிறது. அவை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டன என்று உன் அப்பா சொல்கிறார்.